கேனுக்கு எம்புட்டு?

ஹலோ… ஆமா, நான்தான். …இல்ல, வீட்டுக்கு இன்னும் போகல. காலேஜ்லதான், லேப்ல இருக்கேன். …நல்லா இருக்காக, எல்லாரும் நல்லா இருக்காக. நீங்க முதல்ல நான் சொல்றதக் கேளுங்க. நேத்து சாயங்காலம் நாம என்ன பேசுனோம்னு ஞாபகம் இருக்கா?

…அது இல்லங்க, அதுக்கு முன்னாடி. நான் ‘கேனுக்கு எம்புட்டு?’ன்னு கேட்டேன். நீங்க ‘என்ன ஆசிட்?’னீக. ‘எப்பவும் போல ஹைட்ரோகுளோரிக்தான், பாயிண்ட் ஒன் மோலார்’னேன். பாட்டில் லேபிள வாசிக்கச் சொன்னீக. ‘பதினொண்ணு பாயிண்ட் ஆறு மோலார்’னு வாசிச்சேன். நீங்க வாய்க்குள்ளயே ஒரு கணக்கப் போட்டு, ‘நாப்பத்தி மூணு மில்லி ஷீலா, ஊத்திட்டுத் தண்ணிய நெறச்சிரு’ன்னீக. நான் ‘சாப்டீகளா?’ன்னேன். நீங்க ‘இனிமேத்தான்’னீக. இம்புட்டுத்தான பேசுனோம்?

…ஆமா, ஆமா. அதேதான் ஊத்துனேன். நாப்பத்தி மூணு. ஒரு சொட்டு கூடல, கொறையல. …ஆனா தப்பா இருக்குங்க.

…எப்படித் தெரியும்னா, டைட்ரேஷன் பண்ணிப் பாத்தேன். காஸ்டிக் சோடாவ இருபது மில்லி பிப்பெட்ல எடுத்தேன், இண்டிகேட்டர் ரெண்டு சொட்டு விட்டேன், பிங்க் ஆச்சு. பியூரெட்ல இருந்து ஆசிட விட்டுக்கிட்டே இருக்கேன்… விட்டுக்கிட்டே இருக்கேன்… ரெண்டும் ஒரே சத்துன்னா இருபதுக்கு இருபதுல நெறம் போயிருக்கணும்ல? இருபத்தஞ்சு தாண்டிருச்சு, முப்பது தாண்டிருச்சு, அப்படியே பிங்க்கா நிக்குது. நாப்பதுலதான் வெளுத்துச்சு. …நாப்பதுங்க. நாலு, சைபர். …ஒரு தடவையா? மூணு தடவை பாத்தாச்சு. கண்ணெல்லாம் பிங்க்கா இருக்கு.

…சிரிக்காதீக. நாளைக்குக் காலையில ஒம்பதரைக்கு ப்ராக்டிகல் எக்ஸாம். நாப்பத்தெட்டுப் பிள்ளைக. வெளியூர்ல இருந்து எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வாராரு. பிள்ளைக எம்புட்டு ஒழுங்காப் பண்ணாலும் விடை ரெண்டு மடங்கா வரும். ஒண்ணு ரெண்டு பேருக்குன்னா பிள்ளைக தப்புன்னு சொல்லலாம். நாப்பத்தெட்டுப் பேருக்கும்னா அது லேப் அசிஸ்டண்ட் தப்பு.

…சித்ரா மேடத்துக்கு இன்னும் தெரியாது. மீட்டிங்ல இருக்காக. அஞ்சரைக்கு இங்குட்டு வருவாக, எல்லாம் ரெடியான்னு பாக்க. …இப்ப மணி நாலு அம்பது.

…என்ன? …சொல்லுங்க, சொல்லுங்க, கேக்குறேன். …ம். …ம். இன்னிக்கேவா? நாளைக்குன்னுல்ல சொன்னீக. …ஆறு மணிக்குள்ள அந்த வாபி மாத்தலுக்கு மேனேஜர்கிட்ட ஆமா இல்லன்னு சொல்லணுமா. …தெரியுங்க, வாபி குஜராத்லதான இருக்கு, மேப்ல பாத்தேன். நீங்க இருக்குற ஓசூர்ல இருந்தே அம்புட்டுத் தூரம், நம்ம காரைக்குடியில இருந்துன்னா கேக்கவே வேணாம். …மூணு வருசம். …லேப் இன்சார்ஜா. …இல்ல, நல்லதுதான். உங்களுக்குக் கெடைக்க வேண்டியதுதான்.

…நான் என்னங்க சொல்ல? உங்க இஷ்டம். …கோவமா? எனக்கென்ன கோவம். எப்பவும் சொல்றதுதான, உங்க இஷ்டம். இப்ப இந்தக் கேனுக்கு ஒரு வழி சொல்லுங்க, அப்புறம் குஜராத்துக்குப் போவோம்.

அண்ணே… மாயக்கண்ணன் அண்ணே, அந்தப் பியூரெட்டக் கழுவி எடுத்து வச்சிறாதீக. இன்னும் வேலை இருக்கு. …உங்களச் சொல்லல, அட்டெண்டர் அண்ணன்கிட்டச் சொன்னேன். பாவம், அவுகளுக்கும் காலையில இருந்து உக்கார நேரமில்ல.

…காஸ்டிக் சரியாத்தான் இருக்கு. அத தனியா ஆக்சாலிக் ஆசிட் வச்சுப் பாத்துட்டேன். …பிப்பெட்டும் அதேதான், நம்ம பழைய இருபது மில்லி. …பாட்டில் போன மாசம்தான் பிரிச்சது. மூடி எறுக்கமா இருக்கு. தெறந்தா மூக்கு எரியுது, அப்புறம் எங்குட்டுச் சத்து போயிருக்கும்? …மெஷரிங் ஜார்ல அளந்துதாங்க ஊத்துனேன், கையால அள்ளியா ஊத்துவேன்?

…தண்ணியா? நெறச்சேன். நீங்க சொன்ன மாதிரி. …கோடு வரைக்கும். …மேல் கோடுதான். …என்ன போட்டிருக்கா? பத்துன்னு போட்டிருக்கு.

…பத்து லிட்டர்.

…இருங்க, குனிஞ்சு நல்லாப் பாக்குறேன். பத்தேதான்.

…வெள்ளக் கேனா? ஐயோ… அது போயி மூணு மாசம் ஆச்சுங்க. பொங்கல் லீவு முடிஞ்சு வந்து பாக்குறேன், குழாய்கிட்ட விரிசல் விட்டு, மேசையெல்லாம் தண்ணி. அத எடுத்துட்டு ஸ்டோர்ல இருந்து நீலக் கேன் குடுத்தாக. பத்து லிட்டர் பிடிக்கிறது. அதுல ஆசிட் போடுறது இதுதான் மொத தடவை. …ஆமா. …ஆமா. நீங்க அஞ்சு லிட்டருக்குத்தான் சொன்னீக. அஞ்சு லிட்டருக்கு நாப்பத்தி மூணு சரிதான். நான் பத்து லிட்டர்ல கொண்டுபோயி ஊத்திருக்கேன்.

…சொல்லலியா? சொன்ன மாதிரிதான்… இல்ல. சொல்லியிருக்க மாட்டேன். நீங்க கடைசியா வந்தது கிறிஸ்துமஸுக்கு. ஈஸ்டருக்கு ஆடிட்னு வரல. கேன் ஒடஞ்சது நடுவுல. போன்ல கேன் ஒடஞ்சதையா பேசுறோம்? அப்பாவுக்கு மாத்திர குடுத்தியா, பூரணி சாப்ட்டாளா, சரி வச்சிர்றேன். அம்புட்டுத்தான பேசுறோம்.

…இல்லங்க, தப்பு உங்க மேல இல்ல. எம்மேலதான். நீங்க இங்கயே மேசைக்கு அங்குட்டு நின்னு கேனப் பாத்துக்கிட்டு இருக்குற மாதிரி நெனச்சுக் கேட்டுட்டேன். நீங்க பாக்காத கேன்னு எனக்குத் தோணவே இல்ல.

…ம். அசதிதான். நாலரைக்கு எந்திரிச்சது. மாமாவுக்கு இடது கை இன்னும் சரியா எழும்பல, சட்டை போட அரை மணி நேரம் ஆகுது. பூரணிக்கு ஒண்ணாங் கிளாஸ்லயே புராஜெக்ட்டாம், தெர்மாக்கோல்ல வீடு. ராத்திரியெல்லாம் அத வெட்டி ஒட்டிட்டு… விடுங்க. இத எதுக்கு இப்பச் சொல்லிக்கிட்டு. மணி அஞ்சாயிருச்சு.

…இன்னொரு நாப்பத்தி மூணா? ஆமா, பாதிதான இருக்கு, இன்னொரு அதே அளவு ஊத்துனா… இருங்க, பாட்டில்ல எம்புட்டு இருக்குன்னு பாக்குறேன். போன அலமாரியில வைக்கிறேன், வச்சிறாதீக. …அண்ணே, அந்தச் சின்ன ஜாரக் குடுங்க. மூக்க அங்குட்டுத் திருப்பிக்கங்க…

…ஹலோ. நாப்பத்தொண்ணுதாங்க இருக்கு. …நாப்பத்தொண்ணு மில்லி. கவுத்து, தட்டி, எல்லாம் பாத்துட்டேன். …ஸ்டோர் பூட்டியிருக்கு. சாவி முத்துக்கருப்பன் சார்கிட்ட, அவரு கண்டரமாணிக்கத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காரு. உங்களுக்குப் பண்றதுக்கு முன்னாடியே அஞ்சாறு தடவை அடிச்சுட்டேன், போன எடுக்கல. அங்க மேளச் சத்தத்துல என்ன கேக்கப்போகுது. …பாட்டனி லேப்லயா? அவுகள்ட்ட இம்புட்டு கெட்டியா எங்க இருக்கும்.

…கேன்ல பாதியக் கீழ ஊத்துறதா? ஊத்திட்டு? …நாப்பத்தெட்டுப் பேருக்கு, பியூரெட் கழுவுறதுக்கும் சேத்து, ஆளுக்கு நூத்தம்பது மில்லியாவது வேணுமே. ஏழு லிட்டருக்குக் கொறையாம வேணும். ஊத்தக்கூடாது. …பதறாதீக. நீங்க பதறுனா எனக்கும் பதறுது. …இருங்க. சித்த பேசாம இருங்க.

…கேன்ல இப்பப் பத்து இல்லங்க. மத்தியானம் அரியர் பிள்ளைக நாலு பேரு வந்து பழகிட்டுப் போச்சுக. நான் மூணு தடவை பாத்தது, பியூரெட் கழுவுனது… கோட்டப் பாக்குறேன். எட்டரை. சரியா எட்டரையில நிக்குது.

அப்ப எட்டரைக்குச் சரி பண்ணாப் போதும். லிட்டருக்கு பாயிண்ட் நாட் ஃபைவ் மோல் கொறையுது. எட்டரைக்கு பாயிண்ட் ஃபோர் டூ ஃபைவ். அதப் பதினொண்ணு பாயிண்ட் ஆறால வகுத்தா முப்பத்தாறரை, அதுக்கு மேல கொஞ்சம். ஊத்துற ஆசிடும் கேன்ல எடத்தப் பிடிக்கும்ல, அதையும் சேத்தா முப்பத்தேழு. முப்பத்தேழு மில்லி போதும்ங்க. நாலு மில்லி மிஞ்சும்.

…பாருங்க, போட்டுப் பாருங்க. நான் இருக்கேன். …

…வந்துச்சா? …முப்பத்தாறு பாயிண்ட் ஆறா? அது சரிதான், ஆனா நீங்க ஊத்துற ஆசிடோட அளவச் சேக்கல. அதையும் சேத்துப் பாருங்க. …ம். முப்பத்தேழுதான.

…பேப்பர்ல போட்டுப் பாத்தேனாவா? பேப்பர் எங்க இருக்கு, ரெண்டு கையிலயும் கிளவுஸ். மனசுலதான். …அப்புறம் சொல்றேங்க. முதல்ல ஊத்திர்றேன், மேடம் வாற நேரமாச்சு. ஸ்பீக்கர்ல போட்டு வைக்கிறேன்.

அண்ணே, ஜன்னலத் தெறங்க. கேன ஆடாமப் பிடிச்சுக்கங்க. …முப்பது… முப்பத்தஞ்சு… ஆறு… ஏழு. போதும். மூடி போடுங்க. இப்ப ஆட்டணும்ணே. நல்லா. அங்குட்டு ஒரு பக்கம் நீங்க பிடிங்க, இங்குட்டு நான். …ஆத்தாடி, என்னா கனம்.

…கேக்குதா? ஆட்டிக்கிட்டு இருக்கோம். …ஆமா, மூச்சு வாங்குது. பின்ன, எட்டரை லிட்டர். …அண்ணே, போதும்ணே. நீங்க போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. இல்ல, நான் பாத்துக்கிறேன். போங்க.

…ம், போயிட்டாரு. இப்ப டைட்ரேஷன் போடணும். நீங்க இருக்கீகளா, வேலை இருக்கா? …சரி, இருங்க.

…எப்படின்னு கேட்டா என்ன சொல்ல? பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி நீங்க மட்டுமா படிச்சீக? மூணு வருசமும் இதே லேப்ல எம் பக்கத்து மேசையில நின்னுக்கிட்டு, ‘ஷீலா, உனக்கு எம்புட்டு வந்துச்சு?’ன்னு கேட்டு அப்படியே எழுதுனது யாரு? அப்ப பெனோன்னு பேர் சொல்லித்தான் கூப்புடுவேன். ‘பெனோ, பாயிண்ட் ஒன்ன மாத்தியாவது எழுது’ன்னு கெஞ்சுவேன். அதக்கூட மாத்த மாட்டீக. …சிரிங்க. இப்பச் சிரிக்கலாம்.

…ஆமா. தெரியும். …எப்பவுமே தெரியும். இது என்ன பெரிய கணக்கா? எம்புட்டு வேணுமோ அத, என்ன இருக்கோ அதால வகுக்குறது. லேப்ல பதினோரு வருசம் நிக்கிறவளுக்கு இது தெரியாதா?

…ஏன் கேட்டேன்னா…

இருங்க, பியூரெட்ட நெறப்பிக்கிறேன். …ம். காத்துக் குமிழி நிக்குது, தட்டிவிடுறேன். …போயிருச்சு. சைபர்ல வச்சுட்டேன்.

…நீங்க ஓசூர் போன மொத வாரம். ஆறு வருசம் ஆச்சு. தெனமும் போன் பண்ணுவீக. ‘ம்… அப்புறம்… ம்…’ அம்புட்டுத்தான். ரூம்ல நாலு பேரு, சாப்பாடு பிடிக்கல, குளிரு, ஒண்ணையும் சொல்ல மாட்டீக. எனக்கும் என்ன கேக்குறதுன்னு தெரியல. அன்னிக்கு இங்க செமஸ்டருக்குச் சொல்யூஷன் போட்டுக்கிட்டு இருந்தேன். பேச ஒண்ணும் இல்லாம, ‘கேனுக்கு எம்புட்டு ஊத்தணும்?’னு கேட்டேன். அம்புட்டுத்தான், உங்க குரலே மாறிருச்சு. மோல்னா என்ன, மோலாரிட்டின்னா என்ன, லிட்டருக்கு எம்புட்டு, மில்லிக்கு எம்புட்டுன்னு பத்து நிமிசம் பாடம் எடுத்தீக. எனக்கே. கடைசியில, ‘தப்பா ஊத்திறாத ஷீலா, கைய நல்லா கழுவிக்க’ன்னீக. நான் ஆசிட் போட்டுட்டு ரொம்ப நேரம் போனையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் கேட்டேன். கேக்கணும்னே கேட்டேன். நீங்க சொன்ன அளவ ஒரு தடவைகூட நான் சரி பாத்தது இல்ல. நேத்தும் பாக்கல. பாத்திருந்தா இன்னிக்கு இந்தப் பாடு இல்ல.

…அழுகல. ஆசிட் காத்து. …சத்தியமா அழுகலங்க. பேசாம இருங்க, இப்ப டைட்ரேஷன் ஆரம்பிக்கிறேன். …பிங்க் நல்லா இருக்கு. …அஞ்சு. …பத்து. …பதினஞ்சு. …பதினெட்டு, ஓரத்துல வெளுக்குது, ஆட்டுனா திரும்பி வருது. …பத்தொம்பது. …பத்தொம்பதரை. இப்ப ஒவ்வொரு சொட்டா. …ம். …ம். …இன்னும் லேசா இருக்கு. …

…போயிருச்சு.

…இருபது. சரியா இருபதுங்க. …ஆமா, இருபதேதான், கண்ண நேரா வச்சுத்தான் பாக்குறேன். …அப்பாடா. கால் ரெண்டும் வலிக்குது, இந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கிறேன்.

…இன்னும் ஒரு தடவை போட்டு உறுதி பண்ணிக்கிறேன், சரி. …மேடம்கிட்ட நானே சொல்லிர்றேன், மறைக்கல. கேன் மாறுனது கணக்குல வரலன்னு சொல்லுவேன். திட்டுனா வாங்கிக்கிறேன்.

…மணியா? அஞ்சு இருபது. …ம். ஆமா, உங்களுக்கு ஆறு மணி. …சரின்னு சொல்லிறவான்னு எங்கிட்டக் கேட்டா…

…இல்ல. வைக்காதீக. ஒரு நிமிசம் இருங்க.

…ஒண்ணும் இல்லன்னு சொல்ல வந்தேன். சொல்லல. …இருங்களேன். சொல்ல வருது, மெதுவாத்தான் வரும்.

…உங்க இஷ்டம்னு சொல்றேன்ல, அது பொய். ஓசூர் போறப்பச் சொன்னதும் பொய்தான். கல்யாணம் ஆகி மூணே வருசம். பூரணி அப்பத்தான் ஒக்காந்து பழகுறா. போகாதீகன்னு சொன்னா, பெரிய வேலைய இவ தடுத்துட்டான்னு ஆயிரும்னு நெனச்சேன். தனக்குன்னு ஒண்ணும் கேக்காத பொண்ணுன்னு மாமா ஊரெல்லாம் சொல்றாக. அதக் கேட்டுக் கேட்டு, கேக்கவே மறந்துபோச்சு.

…பேசாதீக. நடுவுல பேசுனா நிறுத்திருவேன். தெனமும் காலையில தேனப்பன் அண்ணன் ஆட்டோவ வாசல்ல போட்டுட்டு உள்ள வந்து மாமாவக் குளிக்க வச்சு விடுறாரு. நல்ல மனுசன். ஆனா மாமா அந்த நேரம் கண்ண மூடிக்கிறாக. வெக்கமா இருக்கு அவுகளுக்கு. எங்கிட்டச் சொல்ல மாட்டாக, உங்ககிட்டயும் சொல்ல மாட்டாக. பூரணி தெர்மாக்கோல் வீட்டுல மூணு பேரப் படம் வரஞ்சு ஒட்டிருக்கா. தாத்தா, அம்மா, அவ. அப்பா எங்கடின்னு கேட்டா, ‘அப்பா போன்ல’ங்குறா. வெளையாட்டாத்தான் சொன்னா. நானும் சிரிச்சேன்.

…சம்பளம் தெரியுங்க. இங்க என்ன கெடைக்கும், எம்புட்டு கெடைக்கும், அதுவும் தெரியும். தெரிஞ்சுதான் பேசுறேன். வேலை கெடைக்கிற வரைக்கும் சும்மா இருங்க. நான் போறேன்ல வேலைக்கு. …இல்ல, அவசரத்துல பேசல. அசதியில பேசுறேன், அது வாஸ்தவம். ஆனா அசதி இல்லாத நாளு பாத்துப் பேசணும்னா அந்த நாளு வரவே மாட்டேங்குது.

…சொல்றேன். என்ன வேணும்னுதான கேட்டீக. சொல்றேன்.

…வாபிக்குப் போக வேணாங்க. ஓசூரும் போதும். நீங்க வீட்டுக்கு வந்துருங்க. லீவுக்கு இல்ல… இருக்குறதுக்கு.